விம்மல் கேட்டது

மான்மவுத் ஜங்ஷன்
16 செப்டம்பர் 2007

அன்புள்ள உங்களுக்கு,

ஓர் ஒலி வீட்டில் இருக்கிறதா, கேட்பவரின் காதுக்குள் இருக்கிறதா என்று அந்தக் காதை மட்டுமே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. ஊரில் ஐந்து வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவள் நான். ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மணி அடிக்கும்வரை எதையாவது பேசிச் சமாளித்திருப்பேன்.

எனக்குக் கேட்கும் இந்த உறுமலைப் பற்றிப் போனில் இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். நல்லதுதான். போனில் நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. இன்ஷூரன்ஸ், கயலின் காலேஜ் பீஸ், புல் வெட்டுகிற ஆள், இதெல்லாம் போனில் இருக்கட்டும். இதை மட்டும் மெயிலில் எழுதுகிறேன். நீங்கள் போட்டுக் கொடுத்த தமிழ் விசைப்பலகை இதற்காவது பயன்படட்டும்.

டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன். செவிப்பறை நன்றாக இருக்கிறதாம். இந்த வயதில் பெண்களுக்குக் காதில் இரைச்சல் வருவது உண்டாம். பதற்றம் குறைய ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது சமையலறை அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். டெக்சாஸுக்கு வர மனமில்லாமல் நானே கண்டுபிடித்த சாக்கு இது என்கிறீர்கள். மே மாதம் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே, குளிர்காலத்திலேயே இந்த ஒலி இருந்தது. அப்போதும் நான் சொன்னேன். நீங்கள் தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "ஒண்ணுமில்லியே. உனக்கு மட்டுந்தான் கேக்குதா?" என்றீர்கள்.

ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வோம். ஒலி என் காதுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் மாத்திரையைச் சாப்பிடுகிறேன், வீட்டை விற்கக் கையெழுத்தும் போடுகிறேன். வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் மாத்திரை குப்பைக்குப் போகும். அதோடு, நான் சொன்னது உண்மை என்று உங்கள் வாயால் நீங்கள் சொல்ல வேண்டும். அது போதும்.

போன வாரம் வந்தபோது கயல் என் லேப்டாப்பில் பைத்தான் என்கிற கணினி மொழியைப் போட்டுக் கொடுத்தாள். "இட்ஸ் ஃப்ரீ அம்மா, ஜஸ்ட் ப்ளே வித் இட்" என்றாள். ஆபீஸில் ஒரு சராசரி எடுக்கவே மூன்று பேரின் ஒப்புதல் வேண்டும். இதில் ஒரு வரி எழுதினால் உடனே பதில் வருகிறது. தப்பாக எழுதினால் தப்பு என்று சொல்கிறது, பெருமூச்சு விடுவதில்லை.

சாந்தாமணி

*

இர்விங், டெக்சாஸ்
18 செப்டம்பர் 2007

சாந்தா,

லெட்டர் படித்தேன். பெருமூச்சு விடாமல்தான் படித்தேன்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. உனக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, டாக்டருக்கும் கேட்கவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் ஆபீஸில் அதைத்தான் எடுத்துக்கொள்வோம்.

இங்கே லாஸ் கோலினாஸில் வேலை பரவாயில்லை. அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரர் மயில்சாமி, பல்லடம் பக்கம். ஞாயிறன்று கூப்பிட்டுக் கோழிக் குழம்பு ஊற்றினார். அவர் மனைவி, "அக்கா எப்பங்க வர்றாங்க?" என்று கேட்டாள். வீடு விற்றதும் வருவாள் என்றேன். "மூணு மாசமா இதையேதானுங்க சொல்றீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

உன் ஒப்பந்தம் சரி. ஆனால் எத்தனை நாள்? ஏஜென்ட் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். மார்க்கெட் விழுந்துகொண்டிருக்கிறது. அக்டோபர் நடுவில் ஒரு முடிவு சொல்ல வேண்டும். அதுவரை உன் மலைப்பாம்போடு விளையாடு.

கோபால்

*

மான்மவுத் ஜங்ஷன்
26 செப்டம்பர் 2007

அன்புள்ள உங்களுக்கு,

தோற்ற கதையை முதலில் எழுதுகிறேன். ஜெயித்ததை மட்டும் எழுதினால் நம்ப மாட்டீர்கள். நானும் நம்ப மாட்டேன்.

ஒரு மைக் வாங்கி என் தலையணை மேல் வைத்து ஒலியைப் பதிவு செய்தேன். ஒரு பதிவில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பைத்தான் பிரித்து வரைந்து காட்டும். கலந்து கிடப்பதைப் பொரி வேறு, கடலை வேறு என்று பொறுக்கி வைப்பது மாதிரி. வரைந்தால் அறுபது ஹெர்ட்ஸில் ஒரு பெரிய கொம்பு, நூற்றிருபதில் ஒரு சின்னக் கொம்பு. நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிவரை போனேன்.

பாதி வழியில் நின்றேன். இந்த நாட்டு மின்சாரம் அறுபது. நம் ஊரில் ஐம்பது. ஊரில் பாடம் நடத்தும்போது இந்த எண்ணைக் கண்ட இடத்தில் உஷாராக இருங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அறுபதைப் பார்த்து எனக்கு உஷார் வரவில்லை, ஐம்பதாக இருந்திருந்தால் வந்திருக்கும். திரும்பி வந்து லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பதிவு செய்தேன். கொம்பு போய்விட்டது. நான் பதிவு செய்தது வீட்டின் ஒலியை அல்ல, சார்ஜரின் ஒலியை. என் காதில் உறுமல் மட்டும் அப்படியே இருந்தது.

மாத்திரையை அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

மைக்கோடு வந்த தாளைப் பிறகு படித்தேன். அவ்வளவு அடிமட்ட ஒலிகளை அந்த மைக் எடுக்காதாம். ஆகவே எதுவும் நிரூபணம் ஆகவில்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. எனக்கு இதில் ஓர் ஆசை இருக்கிறது. ஒலி வெளியில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புகிறவர் எடுத்த அளவை நான் என்றைக்கும் நம்பியதில்லை, அது நானாகவே இருந்தாலும்.

ஆனால் ஒன்று கவனித்தேன். துணி மடிக்கும்போது அறைக்குள் நடந்தேன். சன்னல் ஓரத்தில் ஒலி பெரிதாக இருக்கிறது. அறையின் நடுவில் கிட்டத்தட்ட இல்லை. காதுக்குள் இருக்கும் ஒலி நான் நடக்கும்போது என்னோடு வர வேண்டாமா?

சாந்தாமணி

*

இர்விங்
29 செப்டம்பர் 2007

சாந்தா,

குப்பைத் தொட்டிவரை போய்த் திரும்பினாயே, அது நீதான். வேறு யாராக இருந்தாலும் அறுபதைப் பார்த்ததும் எனக்குப் போன் போட்டுக் கத்தியிருப்பார்கள்.

ஒரு விஷயம். ஏஜென்ட் ஒரு பார்ட்டி கொண்டு வந்திருக்கிறார். நம் ஆட்கள்தான், பசீர் அகமது என்று பெயர், மனைவி, ஒரு சின்னக் குழந்தை. ஒருமுறை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்களாம், நீ ஆபீஸில் இருந்தபோது. பிடித்திருக்கிறது. அக்டோபர் பதினாலு, ஞாயிறு, மறுபடி வந்து முடிவாகப் பேசுகிறார்கள். அதற்குள் நீயும் முடிவு செய்துவிடு.

நடக்கும்போது குறைகிறது என்றால் கவனம் வேறு பக்கம் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். துணி மடித்தால் எனக்கும் தலைவலி போகும். கோபித்துக்கொள்ளாதே. தனியாக இருந்தால் இப்படியெல்லாம் தோன்றும் என்று மயில்சாமியின் மனைவிகூடச் சொன்னாள். ஆமாம், அவர்களிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

கோபால்

*

மான்மவுத் ஜங்ஷன்
7 அக்டோபர் 2007

அன்புள்ள உங்களுக்கு,

மயில்சாமி வீட்டில் கோழிக் குழம்போடு என் காதையும் பரிமாறியதற்கு நன்றி. அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை.

நம் படுக்கையறையை பைத்தானுக்குள் கட்டினேன். பன்னிரண்டடி அகலம். அதைக் கோலப் புள்ளி மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று பக்கத்துக் கட்டத்தைத் தள்ளட்டும், சுவரில் மோதினால் திரும்பட்டும் என்று எழுதினேன். முதல் நாள் எல்லாக் கட்டங்களிலும் சுழியமே வந்தது. காலையில் உட்கார்ந்தவள் மதியம் சாப்பிடாமல் தேடினேன். ஓரிடத்தில் 1/2 என்று எழுதியிருந்தேன். பைத்தான் முழு எண்களை வகுத்தால் மீதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது, ஒன்றில் பாதி சுழியம் என்கிறது. 1.0 என்று புள்ளி வைத்து எழுதினால்தான் அரை என்று ஒத்துக்கொள்கிறது. இருபத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது.

அடுத்து எண்கள் வெடித்துப் பறந்தன. காலத்தை நான் பெரிய பெரிய எட்டு வைத்து நகர்த்தியதுதான் காரணம். எட்டைச் சின்னதாக்கியதும் அடங்கின. பிறகு ஒவ்வோர் அதிர்வெண்ணாக மாற்றிப் பார்த்தேன். எதையும் நிரூபிக்க அல்ல. இப்படி வைத்தால் என்ன, அப்படி வைத்தால் என்ன என்று பார்க்க. எம்.எஸ்ஸி. லேபில்கூட எனக்கு இப்படி விளையாட நேரம் கிடைத்ததில்லை.

நாற்பத்தேழுக்கு அருகில் திரையில் அறை எழுந்து நின்றது. சன்னல் சுவர் ஓரம் முழுக்கச் சிவப்பு, எதிர்ச் சுவர் ஓரம் முழுக்க நீலம், நடுவில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு சுவர்களிலும் ஒலி அதிகம், வெள்ளைக் கோட்டில் இல்லவே இல்லை. படத்தின் மேல் நம் கட்டிலை வரைந்தேன். சன்னல் பக்கம் நான், கதவுப் பக்கம் நீங்கள். என் தலையணை சிவப்பில் இருக்கிறது. உங்கள் தலையணை சரியாக வெள்ளைக் கோட்டின் மேல் இருக்கிறது.

உங்களுக்குக் கேட்டிருக்கவே முடியாது. அன்றைக்கு ஒரு கை அகலம் இந்தப் பக்கம் புரண்டிருந்தால் கேட்டிருக்கும். படத்தை இணைத்திருக்கிறேன்.

இதுவும் நிரூபணம் அல்ல. இது நான் கட்டிய அறை. நான் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லும். இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு ஒலிகள் காற்றில் சேர்ந்தால் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். காதே உண்டாக்குகிற இரைச்சல் வெளி ஒலியோடு பெரும்பாலும் அப்படிச் சேராதாம். ஆகவே நானே நாற்பத்தேழுக்குப் பக்கத்தில் ஓர் ஒலி எழுப்பப் போகிறேன். லேப்டாப் ஸ்பீக்கரால் அது ஆகாது. கீழே ஹாலில் நீங்கள் சினிமாவுக்கென்று வாங்கி வைத்திருக்கும் அந்த வூஃபரை மேலே தூக்கி வர வேண்டும். அந்தப் பூதத்தை நான் விரும்பித் தொடுவேன் என்று நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள்.

சாந்தாமணி

*

இர்விங்
9 அக்டோபர் 2007

சாந்தா,

ஆபீஸில் வைத்துப் படித்ததால் நடுவில் பாடம் மாதிரி வரும் பத்திகளைத் தாண்டிவிட்டேன். படத்தைப் பார்த்தேன். நான் எங்கே படுத்தேன், எந்தப் பக்கம் புரளவில்லை என்பதற்கு இப்போது கலரில் ஆதாரம் இருக்கிறது.

கேலி செய்யவில்லை. அந்தப் படத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். ஆனால் நீயே சொல்கிறாய், அது நீ கட்டிய அறை என்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. உறுமலைப் பற்றி அல்ல. தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து சுவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அந்த மாத்திரையை ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துபோகிறது? வூஃபரைத் தனியாகத் தூக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஞாயிறு அவர்கள் வருகிறார்கள். மறக்காதே.

கோபால்

*

மான்மவுத் ஜங்ஷன்
13 அக்டோபர் 2007, சனி காலை

அவசரமாக எழுதுகிறேன்.

இன்று காலை விம்மல் கேட்டது. சந்தேகமே இல்லை. முதலில் வேகமாக வந்தது, பிறகு மெதுவாக, கடைசியில் யாரோ மூச்சு விடுவது போல மிக மெதுவாக. தரையில் உட்கார்ந்து வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நிம்மதியாக நான் இருந்து எத்தனையோ மாதம் ஆகிறது.

இனி மாத்திரை தேவைப்படாது. இப்போது வீட்டின் மின்சாரம் முழுவதையும் நிறுத்தப் போகிறேன். செல்போனையும் அணைத்துவிடுகிறேன். அதன் பிறகு எல்லாம் தெளிவாகிவிடும்.

சாந்தாமணி

*

டாலஸ் ஏர்போர்ட்
13 அக்டோபர் 2007

சாந்தா,

வீட்டு நம்பர் போகவே இல்லை. செல் ஸ்விட்ச் ஆஃப். கயலுக்கும் நீ எடுக்கவில்லையாம், அவளும் கிளம்பி வருகிறேன் என்றாள். வேண்டாம், நான் போகிறேன் என்றேன்.

யார் விம்முவது? நீயா? அழுவதென்றால் அழு. அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் எதையும் நிறுத்தாதே. வீட்டை விற்க வேண்டாம். நீ இங்கே வரவும் வேண்டாம். நான் வந்துகொண்டிருக்கிறேன். ப்ளேன் கூப்பிடுகிறார்கள். இதைப் பார்த்ததும் கயலைக் கூப்பிடு.

உனக்குக் கேட்கிறது என்றால் கேட்கிறதுதான். நான் ஒத்துக்கொள்கிறேன்.

கோபால்

*

மான்மவுத் ஜங்ஷன்
17 அக்டோபர் 2007

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் இர்விங் போய்ச் சேர்ந்த அன்றே மயில்சாமி வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டீர்கள் என்று போனில் பேசியதிலிருந்து தெரிந்தது. அதில் நீங்கள் வூஃபரைத் தூக்கியதாகவும் வருகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சனி மதியம் மின்சாரத்தைத் திரும்பப் போட்டதும் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டேன். கயலைக் கூப்பிட்டுப் பேசினேன். உங்களைக் கூப்பிட்டேன், நீங்கள் ஆகாயத்தில் இருந்தீர்கள்.

நீங்கள் வந்து இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கையில் பெட்டிகூட இல்லை. கதவைத் திறந்ததும் என் முகத்தையே பார்த்தீர்கள், பிறகு எனக்குப் பின்னால் வீட்டுக்குள் பார்த்தீர்கள்.

"யாரு சாந்தா அழுதது?"

"யாரும் அழுகலீங்க. விம்மல். ரெண்டு ஒலி சேர்ந்தா ஏறி எறங்குமே, அது. புஸ்தகத்துல அதுக்கு அதுதான் பேரு."

"எந்தப் புஸ்தகத்துல?"

"நான் நடத்துன புஸ்தகத்துலதான். தமிழ் மீடியத்துல."

நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தீர்கள். "இங்கிலீஷ்ல பீட்ஸுன்னு எழுதித் தொலைச்சிருந்தா நான் இன்னேரம் இர்விங்ல வெங்காயம் வாங்கிட்டு இருப்பேன்" என்றீர்கள். போர்டிங் பாஸ் இன்னும் உங்கள் கைக்குள் கசங்கியபடி இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன். விம்மல், விம்மல் அதிர்வெண், கணக்கிடுக. ஒருமுறைகூட அதன் இன்னொரு பொருளை நினைத்ததில்லை. நான் அழுவதாக எண்ணி ஒருவர் இவ்வளவு தூரம் பறந்து வந்த பிறகுதான் நினைத்தேன்.

பிறகு உங்களை மேலே கூட்டிப்போனேன். சோதனையை நான் எப்படிச் செய்தேன் என்று முதலில் சொன்னேன். முதலில் நானே எண்ணை நாற்பத்தேழுக்கு நெருக்கிக்கொண்டே போய்க் கேட்டேன். பிறகு, எந்த அதிர்வெண்ணை ஒலிக்கிறது என்பதை பைத்தானே குலுக்கிப் போட்டுத் தேர்ந்துகொள்ளும், என்னிடம் சொல்லாது. விம்மல் வரும்போதெல்லாம் நான் ஒரு விசையைத் தட்டுவேன். முடிந்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிடுவேன். ஒவ்வொரு முறையும், அதன் எண்ணுக்கும் நாற்பத்தேழுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்றபடியே என் தட்டல்கள் இருந்தன. என் ஆசை அதில் நுழைய வழியில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உறுமல் போகவில்லை. ஆகவே வீட்டின் எந்த எந்திரமும் அல்ல, வெளியிலிருந்து வருகிறது. ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கிடங்கின் கூரை விசிறிகள் என்றீர்கள். இருக்கலாம். அதை நாம் நிரூபிக்கவில்லை.

நீங்கள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டீர்கள், ஒரு பத்தியையும் தாண்டவில்லை. பிறகு சன்னல் பக்கம், என் இடத்தில் படுத்தீர்கள். நான் எதையும் ஒலிக்கவில்லை.

"சாந்தா."

"ம்."

"இதுலயா தெனமும் படுத்திருந்த?"

ஒப்பந்தப்படி நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு. நான் இதையே எடுத்துக்கொண்டேன். பிறகு கதவுப் பக்கம், உங்கள் இடத்தில் நான் படுத்துப் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. அவ்வளவு அமைதியை அந்த அறையில் நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதும் உண்மைதான். இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முடியாது.

மாத்திரை குப்பைக்குப் போனது. வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன், ஒலி வெளியில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இதை விட்டு வர எனக்குத் தடையில்லை என்று. தெரியாமல் கிளம்பத்தான் என்னால் முடியவில்லை. ஆனால் வாங்க வருகிறவர்களிடம் மறைக்கக் கூடாது என்றேன். சொன்னால் போய்விடுவார்களே என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை.

மறுநாள் நடந்தது இது.

பதினோரு மணி வாக்கில் பசீர் அகமதும் அவர் மனைவி ரஹ்மத்தும் வந்தார்கள். குழந்தை அயான் தூங்கியபடி அவர் தோளில் இருந்தான். ஏஜென்ட் வருவதற்குக் காத்திராமல் நீங்கள் அவர்களை நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனீர்கள். இந்த அறையில் ஓர் ஒலி இருக்கிறது, கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றீர்கள். ரஹ்மத் சன்னலோரம் போய் நின்றாள். உடனே புருவத்தைச் சுருக்கி, சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆமா ஆன்ட்டி. அடியில ஏதோ உறுமுது."

அவள் கணவர் குழந்தையோடு அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணும் இல்லியே. உனக்கு மட்டும் எப்படிக் கேக்குது?" என்றார்.

ரஹ்மத் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீங்கள் அவர் முழங்கையைப் பிடித்துவிட்டீர்கள்.

"தம்பி, நீங்க நிக்கற எடம் அப்படி. அவங்க நிக்கற எடத்துக்கு வந்து கேளுங்க."

அவர் குழந்தையை மெல்லத் தோள் மாற்றிக்கொண்டு, நாலு எட்டு நடந்து, மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

சாந்தாமணி